பிள்ளையிடம் யார் சொல்வது?

இந்த வாரம் கடிதப் பை நிறைய ஒரே விஷயம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பைபோலார் எனும் இருதுருவ மனநோய்; அந்த வீட்டில் வளரும் பிள்ளையின் மனசு என்ன ஆகும்? ‘பெயரைப் போட்டுடாதீங்க’ என்று எல்லாக் கடிதத்திலும் ஒரு வரி. போடவில்லை. ஊர்ப் பெயரையும் பக்கத்து ஊராக மாற்றிவிட்டேன்.

பைபோலார் என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லவும். – வாசகர், கரூர்

ஒரு வரியில் அடங்காது. சில வாரம் மனசு தலைகால் தெரியாமல் பறக்கும்: தூக்கம் வேண்டாம், பேச்சு நிற்காது, பணம் தண்ணீராய்ப் போகும். பிறகு சில வாரமோ சில மாதமோ அப்படியே படுத்துவிடும்: பல் தேய்க்க எழுவதே பெரும்பாடு. நடுவில், உங்களையும் என்னையும் போல வேலைக்குப் போய், வரும் வழியில் காய்கறி வாங்கி வருவார்கள். இந்த நடு நாட்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சிகிச்சை ஒழுங்காக நடக்கும் வீட்டில் பிள்ளைகள் வளர்வது பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

மனசைத் திடமா வச்சுக்கிட்டாப் போதாதா? – அவிநாசி

எந்த மனசை? நோய்ப்பட்டிருப்பதே அதுதானே.

எங்க அப்பாவுக்கு பைபோலார். எனக்கும் வருமா? சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. – கல்லூரி மாணவி, நாகர்கோவில்

அனேகமாக வராது. பொதுவாக நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் நோய் இது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து என்ற அளவுக்கு ஏறுகிறது.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் போரிஸ் பிர்மாஹர் குழு, பைபோலார் உள்ள 233 பெற்றோரின் பள்ளி வயதுப் பிள்ளைகள் 388 பேரைப் பரிசோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டது. பைபோலார் வகை நோய் இருந்தது 10.6 சதவீதத்தினரிடம். ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட மற்ற வீட்டுப் பிள்ளைகளிடம் 0.8 சதவீதம். நெதர்லாந்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அங்கே 13 சதவீதம்.

உறவினர்கள் 10.6-ஐப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். நீ அதை நூறிலிருந்து கழித்துப் பார்.

அப்ப மீதி எல்லாரும் தப்பிச்சாச்சா? – அதே மாணவியின் அறைத்தோழி

கூர்மையான கேள்வி. இல்லை. அதே நெதர்லாந்து ஆய்வில் 72 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் ஏதோ ஒரு மனநலச் சிக்கலைச் சந்தித்திருந்தார்கள். பதற்றமும் மனச்சோர்வும் அதில் முக்கியம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு, குணமும் உண்டு.

வீட்டார் எல்லோரும் பைபோலார் வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பரீட்சைக்கு முதல் நாள் வாந்தி எடுக்கும் பிள்ளை பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

மரபணுப் பரிசோதனை பண்ணிப் பார்த்துடலாமா? பணம் பிரச்சினை இல்லை. – தொழிலதிபர், திருப்பூர்

பணம் இருக்கிறது, பரிசோதனைதான் இல்லை. 1987-ல் பென்சில்வேனியாவின் ஆமிஷ் சமூகத்துக் குடும்பங்களை ஆராய்ந்து ‘இதோ மரபணு அகப்பட்டது’ என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். 1989-ல் அதே இதழில் ‘அகப்படவில்லை’ என்று எழுதினார்கள். 2021-ல் 40,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை அலசியதில், தொடர்புடைய இடங்கள் 64 கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் கொசுறு.

ஒரே மரபணுவோடு பிறக்கும் ஒத்த இரட்டையரிலேயே, ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவது சகஜம். அந்தப் பணத்தில் பையனுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள்.

நான் சேட்டை பண்ணினதாலதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சுன்னு அத்தை சொன்னாங்க. நிஜமா? – 4ஆம் வகுப்பு

பொய். உன் சேட்டையால் உடையக்கூடியது ஜன்னல் கண்ணாடி. அம்மாவின் நோய்க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

அத்தைக்குத் தனியாக ஒரு வரி: அமெரிக்காவின் பாஸ்டனில் வில்லியம் பியர்ட்ஸ்லி என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வு உள்ள பெற்றோரின் பிள்ளைகளில் தாக்குப்பிடித்து நன்றாக வளர்ந்தவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர்களுக்கு வீட்டுக்கு வெளியே நல்ல உறவுகள் இருந்தன, மனம் விரும்பிச் செய்ய வேலை இருந்தது. கூடவே ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது: ‘இது ஒரு நோய், இதற்கு நான் காரணமில்லை.’ அத்தை அந்த மருந்தைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்.

பிள்ளைகளிடம் சொல்ல எது சரியான வயது? – தாய், சேலம்

பிள்ளை கேட்கும் வயது. கேட்காவிட்டால், கவனிக்கும் வயது. கவனிப்பது இரண்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

ஐந்து வயதுக்கு நாலு வாக்கியம் போதும்: அப்பாவுக்கு உடம்பு முடியலை, மனசைப் பாதிக்கற நோய். நீ பண்ணின எதனாலயும் வரலை. டாக்டர் மருந்து தர்றார். உன்னை நான் பார்த்துக்கறேன்.

பத்து வயதுக்கு நோயின் பெயரைச் சொல்லுங்கள். எந்தெந்த அறிகுறி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் சொல்லுங்கள். பதினைந்துக்கு, பிள்ளைதான் உங்களைக் கேள்வி கேட்கும்; பதில் தெரியாததற்கு அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப்போய் அங்கேயே கேட்கச் சொல்லுங்கள்.

‘பிஞ்சு மனசு தாங்காது’ என்பார்கள். அப்பா மூன்று நாள் தூங்காமல் கத்தியதை அந்தப் பிஞ்சு மனசு ஏற்கெனவே தாங்கியிருக்கிறது. ஏன் கத்தினார் என்பதைத் தெரிந்துகொள்வது அதைவிடச் சின்ன வேலை.

யார் சொல்வது? – அவரது கணவர், தனிக் கடிதத்தில்

நீங்கள்தான், ஐயா. உங்கள் நோய், உங்கள் வாய். உடல்நிலை சீராக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஃபின்லாந்தில் டித்தி சொலான்தவுஸ் என்ற குழந்தை மனநல மருத்துவர் இதற்காகவே ஒரு முறையை வகுத்தார். பெற்றோருக்குச் சிகிச்சை தரும் மருத்துவரே ‘உங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம்’ என்று உட்கார்ந்துவிடுவார். பிள்ளைக்கு எது பலம், எது சிரமம், வீட்டில் என்ன பேசலாம் என்று ஓரிரு சந்திப்புகள். பெரிய கருவி எதுவும் வேண்டாம், நாற்காலி போதும்.

ராத்திரி 2 மணிக்கு அப்பா எங்களை எழுப்பி பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனார். ஆளுக்கு நாலு பரோட்டா வாங்கித் தந்தார். பாட்டுப் பாடினார். எனக்கு ரொம்பப் பிடிச்சது. அப்புறம் அது நோய்னு சொல்லிட்டாங்க. எனக்குப் பிடிச்சது தப்பா? – 11 வயது, சென்னை

துளியும் தப்பில்லை, கண்ணு. கடல் நிஜம், பரோட்டா நிஜம், அப்பாவின் பாசமும் நிஜம். அவர் நாலு நாளாகத் தூங்காமல் இருந்ததும், நிறுத்த முடியாமல் போனதும்தான் நோய்.

மாத்திரை போட்டு அப்பா அமைதியானதும் உனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். பழைய அப்பாவைக் காணோமே என்று தோன்றும். அதை வெளியே சொன்னால் திட்டுவார்களோ என்று பயமாகவும் இருக்கும். அம்மாவிடம் சொல். உன்மேல் யாருக்கும் கோபம் வராது.

அப்பா நன்றாக இருக்கும்போது நீயே பீச்சுக்குக் கூப்பிடு. சாயங்காலம் 5 மணிக்கும் அலை அடிக்கத்தான் செய்கிறது.

லித்தியம் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அது செல்போன் பேட்டரியில் போடுவதல்லவா? – ஆசிரியர், அரியலூர்

அதே தனிமம்தான், வேறு உப்பு. 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர், அடங்காத எழுச்சியில் இருந்த பத்து நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார். இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்து மீண்டவர் அவர். இன்னொன்று தெரியுமா? 1929-ல் அறிமுகமான செவன் அப் குளிர்பானத்தில் முதல் இருபது ஆண்டு வாக்கில் லித்தியம் உப்பு இருந்தது.

இதைவிட முக்கியம்: இந்த மருந்தில் போதிய அளவுக்கும் மிஞ்சிய அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் டாக்டர் சொன்ன தேதியில் சோதித்தாக வேண்டும். கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும், கடையில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போட்டாலும் அளவு ஏறிவிடும். இவற்றைக் கவனிப்பது பெரியவரின் பொறுப்பு. ஏன் சொல்கிறேன் என்பது அடுத்த கடிதத்தில் தெரியும்.

அம்மாவுக்கு மாத்திரை எண்ணித் தர்றது, தம்பிக்குச் சோறு ஊட்டறது எல்லாம் நான்தான். எல்லாரும் சமத்துன்னு சொல்றாங்க. எனக்குத் தூக்கம் வருது. – 12 வயது, விருத்தாசலம்

நீ சமத்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வேலைக்கு ஆள் இல்லாததால் உன்னை உட்கார வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2014-ல் சட்டமே வந்தது. வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் சிறுவர்களுக்கு என்ன உதவி தேவை என்று உள்ளாட்சி நிர்வாகம் நேரில் பார்த்து மதிப்பிட வேண்டும். நம் நாட்டில் இதே வேலைக்கு ‘பொறுப்பான பொண்ணு’ என்று பட்டம் தருகிறோம்.

இந்தப் பக்கத்தை மாமாவிடமோ வகுப்பு ஆசிரியரிடமோ காட்டு. மாத்திரை டப்பா ஒரு பெரியவர் கைக்குப் போக வேண்டும். தம்பிக்குச் சோறு ஊட்டுவது உனக்குப் பிடித்திருந்தால், அதை மட்டும் வைத்துக்கொள்.

சின்ன வயசுலயே பக்குவம் வந்துடுச்சே, அது நல்லதுதானே? – உறவினர், விருத்தாசலம்

அந்தப் பக்குவம் நீங்கள் காட்டியிருக்க வேண்டியது.

அப்பா ‘நல்லாயிட்டேன்’னு மாத்திரையை நிறுத்திட்டார். இப்ப நல்லாத்தான் இருக்கார். – மகன், ஈரோடு

மாத்திரையின் கடைசிப் புண்ணியத்தில் இருக்கிறார். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் அதிகம். பிரச்சினை தொடங்கும் முன் டாக்டரிடம் போவது உங்கள் வேலை.

பேய் பிடிச்சிருக்கு, கோயில்ல கட்டிப்போட்டா சரியாகும்கிறாங்க மாமியார். – மருமகள், பரமக்குடி

உங்கள் ஊருக்கு ஏர்வாடி பக்கம்தான். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அதே ஏர்வாடி தர்காவில் பிறகு அரசே மனநல மருத்துவத்தையும் கொண்டுவந்தது. துவா ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம். மாமியாரிடம் சொல்லுங்கள்: சாமி கும்பிட எந்தத் தடையும் இல்லை, விபூதி பூசிக்கொண்டே மாத்திரை விழுங்கலாம். சங்கிலியை மட்டும் பிள்ளைகள் கண்ணில் காட்டாதீர்கள். அதை அவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

ஸ்கூல்ல என்னை ‘கீழ்ப்பாக்கம்’னு கூப்பிடறாங்க. எங்க அப்பா அங்கதான் அட்மிட் ஆகியிருந்தார். – 9ஆம் வகுப்பு

சென்னையில் கீழ்ப்பாக்கம், கொழும்பில் அங்கொடை. ஊருக்கு ஊர் ஒரு ஆஸ்பத்திரியின் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம். தமிழ் சினிமா நகைச்சுவைக்கு இதில் பெரும் பங்கு. கீழ்ப்பாக்கம் மருத்துவமனை 1794-ல் தொடங்கியது. உன்னைக் கேலி செய்கிறவனின் கொள்ளுத் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து மனிதர்களைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. உன் அப்பாவையும் அனுப்பியிருக்கிறது.

அடுத்த தடவை கூப்பிட்டால் ‘ஆமா, எங்க அப்பா ட்ரீட்மென்ட் எடுத்து வந்துட்டார்’ என்று சொல். மறுபடி தொடர்ந்தால் வகுப்பு ஆசிரியரிடம் போ. அது கோள் சொல்வதாகாது.

என் வகுப்பில் ஒரு மாணவனின் தாய்க்கு இந்த நோய் என்று கேள்விப்பட்டேன். நான் என்ன செய்யலாம்? – ஆசிரியை, பொள்ளாச்சி

முதலில், வகுப்பில் எல்லோர் முன்னாலும் விசாரிக்காதீர்கள். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு ‘சாப்பிட்டியா?’ என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் வீட்டு நிலவரம் பாதி வந்துவிடும்.

தூங்கி வழிகிறவனை மட்டும் கவனிக்காதீர்கள். முதல் மதிப்பெண் வாங்கி, யாரிடமும் பேசாமல், மணி அடித்ததும் ஓடுகிறவனையும் கவனியுங்கள். அவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று பார்க்க ஓடுகிறான். அவனைப் பற்றி எந்தப் புகாரும் வராது, அதனாலேயே எந்த உதவியும் வராது.

கைப்பந்து அணியில் சேருங்கள், நாடகத்தில் போடுங்கள். தினம் ஒரு மணி நேரம் அவன் வெறும் பையனாக இருக்கட்டும்.

எனக்கு 19. கொஞ்சம் சந்தோஷமாக இருந்தாலே ‘ஐயோ, இது ஆரம்பமோ’ என்று பயம் வருகிறது. – மாணவர், வேலூர்

அரியர் கிளியர் ஆனதற்குக் குதிப்பது நோய் இல்லை. மேனியா என்று டாக்டர்கள் சொல்ல, ஒரு வாரமாவது பெரும்பாலான நேரம் அப்படியே இருக்க வேண்டும். மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பே தெரியாது. பேச்சு, செலவு, துணிச்சல் எல்லாம் கட்டுமீறும். உன்னைச் சுற்றியிருப்பவர்கள் உனக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நண்பன் ஒருவனை நியமித்துவிடு: ‘நான் தூங்காமல் அலைந்தால் என்னிடம் சொல்.’ காவல் வேலை அவனுக்கு, சந்தோஷம் உனக்கு.

அப்படியானால் நான் எதைத் தவிர்க்க வேண்டும்? – அதே மாணவர்

கஞ்சா. அப்புறம் விடிய விடிய விழிப்பது. உன்னைப் போன்ற குடும்ப வரலாறு உள்ளவர்களுக்கு இரண்டுமே வினை. ஹாஸ்டலில் இரண்டும் எளிதாகக் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் முதலில் சொன்னேன்.

என் மகளுக்கு (16) மனச்சோர்வு. டாக்டரிடம் போகிறோம். அவளுடைய அப்பாவுக்கு பைபோலார் என்று சொல்ல வேண்டுமா? அவமானமாக இருக்கிறது. – தாய், தஞ்சாவூர்

நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமே அதுதான். இந்தப் பிள்ளைகளில் பின்னாளில் பைபோலார் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் தலைகாட்டுவது மனச்சோர்வுதான். அப்படிப்பட்டவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால், சிலருக்கு அது எதிர்முனைக்குத் தூக்கிவிடும். அப்பா விஷயம் தெரிந்தால் டாக்டர் மருந்தைத் தேர்ந்தெடுப்பதே மாறும்.

வெட்கத்துக்கு அந்த அறையில் இடமில்லை. அவர் தினம் நாற்பது பேரிடம் இதைக் கேட்கிறார்.

குடும்பமாக உட்கார்ந்து பேசும் சிகிச்சை என்கிறார்களே, பலன் உண்டா? – திருச்சி

உண்டு. கலிபோர்னியாவில் டேவிட் மிக்லோவிட்ஸ் குழு, குடும்பத்தில் பைபோலார் இருந்து தாங்களும் மனநிலைத் தடுமாற்றத்தில் இருந்த 127 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு நாலு மாதம், குடும்பத்தோடு 12 அமர்வு. நோயைப் புரிந்துகொள்வது, கத்தாமல் பேசுவது, சிக்கலைச் சேர்ந்து அவிழ்ப்பது. மற்றப் பிரிவுக்குச் சுருக்கமான ஆலோசனை. 2020-ல் வந்த முடிவு: அடுத்த தடுமாற்றம் வர முதல் பிரிவில் சுமார் 81 வாரம், இரண்டாம் பிரிவில் சுமார் 63.

கத்தாமல் பேசியதற்குக் கிடைத்த கூலி 18 வாரம். என் பார்வையில் அது பெரிய கூலி.

மேனியாவில் அப்பா ஊரெல்லாம் கடன் வாங்கிவிட்டார். என் காலேஜ் ஃபீஸ் போச்சு. எல்லாரும் மன்னிக்கச் சொல்கிறார்கள். – மகள், மதுரை

மன்னிப்புக்குக் கெடு கிடையாது, ஃபீஸுக்கு உண்டு. முதலில் கல்விக்கடனுக்கு வங்கியில் மனுப் போடு. கோபம் இருக்கட்டும், கோபப்பட உனக்கு எல்லா நியாயமும் உண்டு. அவர் நோயாளி என்பதும் நீ இழந்தாய் என்பதும் இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாது.

அப்பா தெளிந்ததும் அவர் சம்மதத்தோடு வங்கிக் கணக்கைக் கூட்டுக் கையெழுத்துக்கு மாற்றுங்கள். அடுத்த எழுச்சி வந்தால் பெரிய தொகைக்கு அம்மாவின் கையெழுத்தும் தேவைப்படும்.

என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அப்பாவின் நோயைச் சொல்லணுமா? ‘மூச்சு விடாதே’ என்கிறார்கள் வீட்டில். – மயிலாடுதுறை

பையனிடம் நேரில், நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் சொல்லிவிடு. சொல்லும்போது ‘அப்பாவுக்கு’ என்று சொல், ‘எங்களுக்கு’ என்று சொல்லாதே. ஓடுகிறவன் ஓடட்டும், மண்டப முன்பணம் மிச்சம். மறைத்துக் கட்டிக்கொண்டால், ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா என்ன பேசுவாரோ என்று நீ வாசலில் நிற்க வேண்டும்.

பையனுக்கு பைபோலார். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் ஜோசியர். – பெற்றோர், சிதம்பரம்

கல்யாணம் மருந்துக்கடையில் கிடைப்பதில்லை. சிகிச்சை எடுத்து, தேறி, விஷயத்தைச் சொல்லி, சம்மதித்த பெண்ணை மணந்தால் நன்றாக வாழலாம், ஏராளமானோர் வாழ்கிறார்கள். மறைத்துச் செய்தால் ஒரு பெண்ணும், பின்னால் ஒரு குழந்தையும் விலை கொடுப்பார்கள். ஜோசியருக்குத் தட்சிணை மட்டும் உறுதி.

எனக்கு பைபோலார். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? – மருத்துவப் பணியாளர், கோவை

பெற்றுக்கொள்ளலாம், திட்டமிட்டு. சில மருந்துகள், குறிப்பாக வால்ப்ரோயேட், கருவைப் பாதிக்கும். ஆகவே கருத்தரிக்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள்தான் உச்சக்கட்டக் கவனத்துக்குரியவை. பைபோலார் உள்ள தாய்மாரில் ஐந்தில் ஒருவர் வரை அப்போது கடுமையாகப் பாதிக்கப்படலாம். இரவில் குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேறு ஆள் வேண்டும். உங்கள் தூக்கமே பாதி மருந்து.

பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவு 2009 முதல் இருக்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது: சிகிச்சைக்குச் சேரும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் யாராவது ‘குழந்தையை விட்டுட்டு வாங்க’ என்றால் சட்டத்தைக் காட்டுங்கள்.

மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு என்ன சட்டம்? – வழக்கறிஞர், விழுப்புரம்

சரியான இடத்தில் பிடித்தீர்கள். நார்வேயில் 2010 முதல், நோயாளிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்களுக்கு என்ன தேவை என்று மருத்துவப் பணியாளர்கள் கவனித்தே ஆக வேண்டும். மருத்துவமனைகளில் அதற்கென்றே பொறுப்பாளரும் வேண்டும். நம் சட்டம் நோயாளியின் உரிமைகளை நன்றாகவே எழுதியிருக்கிறது. நோயாளியின் எட்டு வயது மகன் அதில் எங்கும் வருவதில்லை.

மனநல மருத்துவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: புறநோயாளிச் சீட்டில் ‘வீட்டில் பிள்ளைகள் உண்டா? யார் பார்த்துக்கொள்கிறார்கள்?’ என்று ஒரு வரி சேருங்கள். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

‘3’ படம் பார்த்துதான் இந்த நோயைத் தெரிந்துகொண்டேன். வேறு படம்? – ரசிகர், ராணிப்பேட்டை

2012-ல் வந்த ‘3’-ல் நோயை மனைவியிடமே மறைப்பார்கள். மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது போதும். பிள்ளைகளின் பார்வைக்கு, 2014-ன் ‘இன்ஃபினிட்லி போலார் பேர்’ பாருங்கள். மார்க் ரஃபலோதான் பைபோலார் அப்பா. இரண்டு மகள்களை வைத்துக்கொண்டு திண்டாடுவார். இயக்குநர் மாயா ஃபோர்ப்ஸ் தன் அப்பாவைத்தான் படமாக்கினார். சிறுமி வேடத்தில் நடித்தது மாயாவின் சொந்த மகள்; தாத்தாவின் கதையில் பேத்தி.

வாசிக்க, மும்பை எழுத்தாளர் ஜெரி பின்டோ 2012-ல் எழுதிய ‘எம் அண்ட் தி பிக் ஹூம்’. பைபோலார் அம்மாவோடு மாஹிமில் ஒரு சின்ன ஃபிளாட்டில் வளர்ந்த மகன் சொல்லும் நாவல். சாகித்ய அகாதமி பரிசு பெற்றது.

மேதைகளுக்குத்தானே பைபோலார் வரும்? – இலக்கிய வாசகர், குடந்தை

2019 கணக்கில் உலகம் முழுக்கச் சுமார் 4 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அத்தனை பேரும் காவியம் எழுதினால் படிப்பது யார்? பெரும்பாலோர் ரேஷன் வாங்கி, பிள்ளைக்கு ஷூ வாங்கி வாழ்கிறவர்கள்.

அப்பாவுக்கு நோய் ஏறும் நேரத்தில் கோபம் வந்தால் அடிப்பார். நோயாளியாச்சே, பொறுத்துக்கோ என்கிறார்கள். – 13 வயது

பொறுக்காதே. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. அடிக்கிறவர் நோயாளியே ஆனாலும், அடி வாங்குவது உன் கடமை இல்லை. கோபம் ஏறுவது தெரிந்தவுடன் தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போ. 1098-க்கு அழை. குழந்தைகளுக்கான எண், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள்.

அம்மா ‘செத்துப் போயிடறேன்’னு சொன்னாங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. – 10ஆம் வகுப்பு

அந்தச் சத்தியத்தை இப்போதே உடை, மகளே. இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பெரியவரிடம் போய் அம்மா சொன்ன வார்த்தையை அப்படியே சொல். அவர் வந்து அம்மாவோடு இருக்கட்டும், மாத்திரைகளைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ளட்டும், இன்றே டாக்டரிடம் கூட்டிப்போகட்டும். யாரும் அகப்படாவிட்டால் 14416. ஆபத்து கண்முன்னே இருந்தால் 108.

சத்தியத்தை மீறினால் சாமி தண்டிக்காது. நீ அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை; அம்மாவுக்கு ஆள் கூட்டி வருகிறாய்.

14416 என்ன எண்? – பலர்

டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரம், தமிழில் பேசலாம். நோயாளிதான் அழைக்க வேண்டும் என்றில்லை, பிள்ளையும் அழைக்கலாம்.

வசதி இல்லை. எங்கே போவது? – கூலித் தொழிலாளி, பெரம்பலூர்

உங்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைக்கு. மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி நம் நாட்டில் பைபோலார் உள்ளவர்களில் நூற்றுக்கு 70 பேர் சிகிச்சைக்கு வெளியே இருக்கிறார்கள். பெற்றோருக்குச் சிகிச்சை தொடங்குவதுதான் அந்த வீட்டுப் பிள்ளைக்குச் செய்யும் முதல் வைத்தியம்.

பேரன் முன்னால் என் மருமகனைத் திட்டாமல் இருக்க முடியவில்லை. – பாட்டி, சிவகாசி

திட்டுங்கள் பாட்டி, நோயை. மருமகனைத் திட்டினால் பேரனின் பாதி உடம்பைத் திட்டுவதாக அவன் எடுத்துக்கொள்வான்.

அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. ஸ்கூல்ல மைசூர் டூர் போறாங்க. நான் போகலாமா? அங்க சிரிச்சா தப்பா இருக்குமோன்னு தோணுது. – 8ஆம் வகுப்பு, தருமபுரி

போ. நன்றாகச் சிரி. அம்மாவைப் பார்த்துக்கொள்ள டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், அப்பா இருக்கிறார். உனக்குப் பதிலாக மைசூர் அரண்மனையைப் பார்க்க வேறு ஆள் கிடையாது. சம்மதப் படிவத்தில் அப்பாவால் முடியாவிட்டால் சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்கு. பணம் கட்டக் கடைசித் தேதி என்ன என்று நாளைக்கே கேட்டுக்கொள்.